பேச்சியா, ஆம்பலா, வாகையா: அரிய பெயர் வைக்க நினைக்கிறவர்களுக்கு

பிள்ளை பிறந்து பதினோராவது நாள். அத்தை, என் மாமியார், காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் குப்புறப் போட்டு வெந்நீர் ஊற்றிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, ஒரு பேரச் சொல்லிக் கூப்பிட விடுங்களேன், எத்தன நாளைக்கு இப்பிடி பாப்பா பாப்பான்னே கூப்பிட?" அப்போது எங்கள் நோட்டில் நாற்பது பெயர்கள் இருந்தன. ஒன்றும் முடிவாகவில்லை. எங்களுக்குப் பிடித்த ஒவ்வொரு பெயருக்கும் வீட்டில் யாராவது ஒருவர் முகம் சுளித்திருந்தார், அதுதான் காரணம்.

அதிகம் பேர் வைக்காத பெயராக வைக்க வேண்டும் என்று நினைத்தால் நம் பக்கம் பெரும்பாலும் நான்கு வழிகள் இருக்கின்றன. முன்னோர் பெயரைத் திரும்ப எடுப்பது, சங்க காலத்துப் பெயரைத் தேடுவது, பூ, மரம், பறவை என்று எடுப்பது, நட்சத்திர எழுத்தையும் எண்ணையும் வைத்துப் புதிதாகக் கட்டுவது. நான்கையும் நாங்கள் அலசினோம். எது எங்கே இடிக்கும், பேசுகிறவர்களிடம் என்ன சொல்வது என்பதை எழுதிவைத்தால், இப்போது நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிற யாருக்காவது உதவும்.

முதலில் அவசரத்தை ஒதுக்குங்கள். ஆஸ்பத்திரியில் "21 நாளைக்குள்ள பேரு கொடுக்கணும்" என்று ஒரு அக்கா சொல்ல, நாங்கள் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அந்த 21 நாள், பிறப்பைப் பதிவு செய்வதற்கான கெடு, பெயருக்கானது அல்ல. பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதியலாம், 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி இருக்கிறது. ஆனால் ஒரு தடவை ஏறிவிட்ட பெயரை மாற்றுவது லேசான வேலை இல்லை. அதுவும் 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பதிலிருந்து பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம் வரை பிறந்த தேதிக்கு ஆதாரம் பிறப்புச் சான்றிதழ்தான். அதனால் இரண்டு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, யோசித்து வையுங்கள். யாராவது அவசரப்படுத்தினால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், பாதிப் பேர் அமைதியாகிவிடுவார்கள்.

சரி, முன்னோர் பெயர். பேரன், பேத்தி என்ற சொல்லிலேயே பேர் இருக்கிறது, தாத்தா பாட்டி பெயரைத் தாங்குகிறவர்கள் என்பதால்தான் அப்படி அழைத்தோம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அத்தையின் அம்மா பெயர் பேச்சியம்மாள். சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு காலத்தில் தெருவுக்கு நான்கு பேச்சியம்மாள் இருந்திருப்பார்கள். இன்றைக்கு ஒன்றாம் வகுப்பில் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஆக, அரிய பெயர் வேண்டும் என்று அகராதியைப் புரட்டுகிறவர்கள் முதலில் தங்கள் ஆச்சியின் ரேஷன் கார்டைப் பார்க்கலாம்.

பேச்சி என்ற பெயரில் நிறைய நல்ல விஷயங்கள் இருக்கின்றன. சின்னப் பெயர், கூப்பிட எளிது, நாலு வயதுப் பிள்ளை தானே எழுதிவிடும், சாமி பெயர், அத்தைக்கு உயிர். எனக்கே அது பிடித்திருந்தது. ஆனால் நகரத்தில் அதைச் சொன்னபோது கேட்டவர்கள் முகத்தில் ஒரு நொடி வந்து போன சிரிப்பைப் பார்த்தேன். அது அந்தப் பெயர் வரும் ஊரையும் அதை வைக்கிற ஆட்களையும் பார்த்து வருகிற சிரிப்பு. அது தப்பு, அதற்கு நாம் பணியக் கூடாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இருந்தாலும் அந்தச் சிரிப்பை வாங்கப்போவது ஐந்து வயதில் தனியாக வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை. அதை யோசிக்காமல் நான் மட்டும் வீரம் பேச முடியாது.

பழைய பெயர் என்பதற்காக எல்லாவற்றையும் எடுத்துவிடவும் கூடாது. அதன் கதையைக் கேளுங்கள். பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீடுகளில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் போட்டு எடுத்துக் குப்பம்மாள் என்றும், மூக்கைக் குத்தி மூக்கம்மாள் என்றும் வைத்தார்கள். அது பிள்ளை பிழைக்க வேண்டும் என்ற தவிப்பில் வந்த பெயர், அதில் ஓர் அன்பு இருக்கிறது. ஆனால் போதும்பொண்ணு, வேண்டாம் என்று வைத்ததும் நம் ஆட்கள்தான். எங்கள் ஊரில் போதும்பொண்ணு என்று ஒரு பெரியம்மா இருந்தார். ரேஷன் கடையில் முழுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவே மாட்டார், இரண்டாவது தடவை அட்டை எண்ணைச் சொன்ன பிறகுதான் போய் வாங்குவார். சின்னப் பிள்ளையாக வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றபோது எனக்கு அது புரியவில்லை, பெயர் தேடிய நாட்களில்தான் புரிந்தது.

இரண்டாவது, சங்க காலப் பெயர். இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். அந்தக் காலத்துப் பெண் புலவர்களின் பெயர்களையும் பாட்டில் வருகிற பெண்களின் பெயர்களையும் எழுதிப் பார்த்தால் அப்படி ஒரு அழகு. வெள்ளிவீதி, இளவெயினி, ஆதிமந்தி, நச்செள்ளை, நப்பசலை, அங்கவை, சங்கவை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் சொல்ல ஒரு கதை உண்டு, பிள்ளை பெரியவளாகி "எனக்கு ஏன் இந்தப் பேரு" என்று கேட்டால் ஒரு மணி நேரம் பேசலாம்.

இடிப்பது எங்கே என்றால், ஈராயிரம் வருடத்தில் நம் காது மாறிவிட்டது. ஆதிமந்தி கரிகாலனின் மகள் என்று சொல்லப்படுகிறவள், கணவனைத் தேடி அலைந்து பாடியவள். ஆனால் மந்தி என்றால் பெண் குரங்கும்தான், பள்ளிக்கூடத்தில் முதல் பாதி காணாமல் போய் இரண்டாவது பாதிதான் நிற்கும். நச்செள்ளையில் 'நச்சு' காதில் விழும். நப்பசலை என்றால் கீரை ஞாபகம் வரும். அங்கவையும் சங்கவையும் பாரியின் மகள்கள் என்று சொல்லப்படுகிறவர்கள், அப்பாவை இழந்த பிறகு அவர்கள் பாடியதாக இருக்கிற பாட்டைப் படித்தால் கண் கலங்கும். 2007-ல் வந்த ஒரு பெரிய நடிகரின் படத்தில் அந்த இரண்டு பெயர்களையும் இரண்டு பெண்களுக்கு வைத்து, அவர்கள் நிறத்தைக் காட்டித் திரையரங்கே சிரிக்கும்படி செய்தார்கள். எனக்கு இன்றும் அந்தக் கோபம் ஆறவில்லை. அந்தப் பெயரைச் சொன்னால் முப்பது வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு முதலில் அந்தக் காட்சிதான் ஞாபகம் வருகிறது. இந்த வரிசையில் சிக்கல் இல்லாமல் தேறுவது இளவெயினி, வெள்ளிவீதி இரண்டும்தான் என்பது என் கணிப்பு. இளவெயினியை இப்போது சிலர் வைக்கவும் ஆரம்பித்திருக்கிறார்கள்.

"இப்பிடியெல்லாம் பேரு வச்சா வாயில நுழையுமா" என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். 1916 வாக்கில் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய பிறகு வேதாசலம் மறைமலையானார். அதன் பின்னால் வந்தவர்களில் இராமையா அன்பழகனானார், நாராயணசாமி நெடுஞ்செழியனானார். அந்தப் பெயர்கள் அன்றைக்குக் கேட்டவர்களுக்குப் புதுசுதானே. இன்றைக்கு அன்பழகன் என்றால் பக்கத்து வீட்டு மாமா பெயர். 1953 மார்ச் 1-ஆம் தேதி பிறந்த மகனுக்குக் கருணாநிதி ஸ்டாலின் என்று வைத்தார், சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது அதே மாதம் 5-ஆம் தேதி. லெனின், போஸ், கென்னடி என்று எங்கள் பக்கத்து டீக்கடை பெஞ்சிலேயே மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள், யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பத்து வருடம் கூப்பிட்டுப் பழகினால் எந்தப் பெயரும் வாயில் நுழைந்துவிடும்.

நட்சத்திர எழுத்து வழியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் கதை அங்கே சீக்கிரம் முடிந்தது. பிள்ளைக்கு அஸ்தம், மூன்றாம் பாதம். பஞ்சாங்கத்தில் அஸ்தத்துக்கு பு, ஷ, ண, ட என்று போட்டிருக்கும், மூன்றாவது ண. தமிழில் ண எந்தச் சொல்லுக்கும் முதலில் வராது. ஜோசியரே "நா-வுல வச்சுக்கோங்க, இல்லன்னா பு-வுல வச்சுக்கோங்க" என்றார். அவரே இவ்வளவு இளக்கமாக இருக்கும்போது நாம் எதற்கு எழுத்தைப் பிடித்துத் தொங்க வேண்டும்? வீட்டில் அதில் நம்பிக்கை உள்ளவர்கள் இருந்தால் நட்சத்திரப் பெயர் ஒன்றைச் சாமி முன்னால் சொல்லிவிட்டு, கூப்பிடுகிற பெயரைத் தனியாக வைப்பது பலர் செய்வதுதான்.

எண்கணிதம் எனக்கு ஒப்பவில்லை. தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி, கூட்டுத்தொகை வரவில்லை என்று நடுவில் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் சொருகுகிறார்கள். அந்தக் கூடுதல் எழுத்து ஆதாரில் இருக்கும், மதிப்பெண் பட்டியலில் விடுபட்டிருக்கும், பாஸ்போர்ட்டுக்குப் போகும்போது இரண்டும் ஒத்துப்போகாது. அப்புறம் அரசிதழில் பெயர் மாற்றம் போட அலைய வேண்டும். அதே போல -ஷிகா, -ஷ்வி, -னிகா என்று முடிகிற புதுப் பெயர்கள். ஒவ்வொன்றும் தனியாக எடுத்தால் அரிதுதான், ஆனால் ஒரு வகுப்பில் அப்படி எட்டுப் பேர் இருந்தால் டீச்சருக்கு எட்டும் ஒரே பெயர்.

மூன்றாவது வழிதான் கடைசியில் எங்களுக்கு வாய்த்தது. குறிஞ்சிப்பாட்டில் வருகிற 99 பூக்களின் பட்டியல் ஒன்று போதும், இரண்டு தலைமுறைக்குப் பெயர் இருக்கிறது. எனக்கு ஆம்பல் மேல் ஒரே ஆசை. குளத்தில் ராத்திரி விரிகிற பூ, ஒரு குழலுக்கும் அந்தப் பெயர் இருந்திருக்கிறது, சொல்லும்போதே வாய் மெதுவாக மூடித் திறக்கிறது. ஏழாவது மாதத்திலேயே மனதுக்குள் வைத்துவிட்டேன். எதிர் வீட்டு அக்காவிடம் சொன்னேன். அவர் பூத் தொடுத்துக்கொண்டே, "என்னது, ஆம்பளையா?" என்றார். கிண்டலே இல்லை, அவர் காதில் அப்படித்தான் விழுந்தது. நான் திருத்திச் சொன்னேன். "எம்மா, தெருவுல நின்னு கூப்பிட்டுப் பாரு" என்றார். கூப்பிட்டுப் பார்த்தேன். ஆம்பல், ஏ ஆம்பல். அவர் சொன்னது சரி. போதாக்குறைக்கு ஆங்கிலத்தில் எழுதினால் அது அம்பாளுக்கும் அதே எழுத்துகள்தான். ரெண்டு நாள் மனசு சரியில்லை. பெயரைக் கைவிட்டேன். அந்த அக்கா அன்றைக்குச் செய்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், அபிப்பிராயம் சொல்கிறவர்களை எல்லாம் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. அந்த அக்கா சொன்னது ஒரு தகவல். எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது, அது பிள்ளையின் நாளைய பாடு பற்றியது. "நல்லால்ல", "மாடர்னா இல்ல", "இது என்ன கட்சிக்காரங்க பேரு மாதிரி" என்பதெல்லாம் அவரவர் ருசி. ருசிக்குப் பதில் சொல்லி ஜெயிக்க முடியாது, சொல்லவும் தேவையில்லை, "எங்களுக்குப் பிடிச்சிருக்கு சித்தப்பா" என்று சிரித்துவிட்டுக் காப்பி கொடுக்கலாம். மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுதான் கவனமாகப் பார்க்க வேண்டியது. பெயர் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர் உண்மையில் "என்னைக் கேட்கவில்லையே" என்று சொல்கிறார். அந்த மனத்தாங்கலுக்குப் பெயரின் அர்த்தத்தை விளக்கிப் பயனில்லை, அவரிடம் போய் உட்கார வேண்டும்.

பிறப்பதற்கு முன்னால் பெயரைச் சொல்வதா, வைத்த பிறகு சொல்வதா என்று கேட்டால், சிலரிடம் மட்டும் முன்னால் சொல்லுங்கள் என்பேன். எல்லாரிடமும் சொன்னால் ஆளுக்கு ஓர் ஓட்டு இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். யாரிடமும் சொல்லாவிட்டால் ஆம்பல் மாதிரிக் கோளாறு சான்றிதழ் வந்த பிறகுதான் தெரியும். நாங்கள் மூன்று பேரைத் தேர்ந்தெடுத்தோம். ஆரம்பப் பள்ளியில் டீச்சராக இருக்கிற ஒரு தோழி, அவளுக்குத்தான் பிள்ளைகள் ஒரு பெயரை என்ன பாடு படுத்தும் என்று தெரியும். அடுத்து என் தம்பி, எந்தப் பெயரைக் கொடுத்தாலும் இரண்டு நிமிஷத்தில் பட்டப்பெயர் கண்டுபிடிக்கிறவன். அப்புறம் வேலை செய்கிற இடத்தில் தமிழ் தெரியாத ஒரு ஹைதராபாத்காரர், ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் அவர் எப்படிப் படிக்கிறார் என்று பார்த்தோம்.

அந்த மூன்றாவது சோதனையை யாரும் தவறவிடாதீர்கள், முக்கியமாக ழ இருக்கிற பெயர்களுக்கு. ழ-வை நாம் ஆங்கிலத்தில் இசட், ஹெச் போட்டு எழுதுகிறோம், தமிழ்நாட்டைத் தாண்டினால் யாழினி யாஜினி ஆகிவிடுகிறாள். அதற்காக ழ-வை விட்டுவிடுங்கள் என்று சொல்ல மாட்டேன், நம் மொழியின் எழுத்து அது, ஆயுசு முழுக்கத் திருத்திக்கொண்டே இருக்கத் தயார் என்றால் தாராளமாக வையுங்கள். தெரிந்தே வைக்க வேண்டும், அவ்வளவுதான். இன்ஷியலும் அப்படி. நமக்கு முன்னெழுத்து போதும், பாஸ்போர்ட்டில் முன்னெழுத்தை விரித்து எழுதச் சொல்வார்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்று அறிவித்தது. எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் வளைகுடாவில் இருப்பதால் இது எங்களுக்குப் பெரிய பேச்சாக இருந்தது. பெயர் எவ்வளவு அரிதாக இருந்தாலும் அப்பா பெயரோ அம்மா பெயரோ பின்னால் முழுதாக ஏற இடம் விட்டு, சின்னதாக வைப்பது நல்லது. பேச்சியையும் இன்னொரு பெயரையும் சேர்த்து ஒரே நீளப் பெயராக்கலாமா என்று நாங்கள் யோசித்ததைக் கைவிட்டதும் இதனால்தான்.

வாகை எப்படி வந்தது என்றால், ஊரில் கிணற்றடியில் ஒரு வாகை மரம் நிற்கிறது. மாசி மாதம், எனக்கு எட்டு மாதம், வெயில் தாங்காமல் அதன் அடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் படுத்திருந்தேன். இலை எல்லாம் உதிர்ந்து, வெளுத்த நெற்றுகள் மட்டும் மரம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருந்தன. காற்று வந்தால் உள்ளே இருக்கிற விதைகள் ஆடி மரமே சலசலவென்று பேசும், காற்று நின்றால் ஒன்றிரண்டு நெற்று மட்டும் கொஞ்ச நேரம் தனியாகப் பேசி ஓயும். அந்தச் சத்தத்துக்கு வயிற்றில் பிள்ளை புரண்டது. அன்றைக்கே நோட்டில் எழுதினேன். போரில் வென்றவர்கள் சூடிய பூ என்பதெல்லாம் அப்புறம் சேர்த்துக்கொண்ட அர்த்தம்.

டீச்சர் தோழி, எழுத எளிது, தப்பாக ஒன்றும் தோன்றவில்லை என்றாள். தம்பி ரொம்ப நேரம் யோசித்துவிட்டு "வைகை எக்ஸ்பிரஸ்" என்றான், அது தாங்கும். ஹைதராபாத்காரர் கடைசி எழுத்தை இழுத்தார், ஆனால் இரண்டாவது தடவை சரியாகச் சொல்லிவிட்டார். போனில் சொன்னால் மூன்றில் இரண்டு பேர் "வைகையா?" என்று கேட்கிறார்கள். ஆறு பெயரோடு குழம்பினால் குறைச்சல் ஒன்றும் இல்லை.

சொந்தக்காரர்களிடம் சொல்வதில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். என் கணவர் பக்கத்து ஆட்களிடம் அவர் சொல்வார், என் பக்கத்தில் நான் சொல்வேன், மருமகள் சொல்லி மாமியார் வீட்டில் எடுபடாதது மகன் சொன்னால் எடுபடும், இதுதான் நடைமுறை. "இந்தப் பேரு எப்பிடி இருக்கு?" என்று கேட்கவே இல்லை, கேட்டால் பதில் வரும். "பிள்ளைக்கு வாகைன்னு பேரு வச்சிருக்கோம்" என்று முடித்துவிடுவோம். ஒரு பெரியப்பா மட்டும் ஆறு மாதம் "மரத்துப் பேரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மகள் பெயர் மல்லிகா என்பதை நான் எடுத்துச் சொல்லவில்லை, ஒவ்வொரு தடவையும் "ஆமா பெரியப்பா, மரந்தான்" என்று ஒத்துக்கொண்டேன். தானாக ஓய்ந்தது.

அத்தையிடம் மட்டும் அப்படிச் செய்ய மனசு வரவில்லை. அவர் எதிர்த்துப் பேசவே இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் மத்தியானம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார், பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆய ஆரம்பித்தேன். பேச்சி ஆச்சியைப் பற்றிக் கேட்டேன். நெல் அறுப்புக்குப் போய்விட்டு வந்து ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளைகளுக்குச் சோறு பொங்கினது, ஒரே ஒரு கம்மலை அடகு வைத்து அத்தையை எட்டாம் வகுப்பு வரை படிக்க வைத்தது, எல்லாம் சொன்னார். கீரை தீர்ந்த பிறகும் சொன்னார். "காதுல மூணு தடவ பேரு சொல்லும்போது நீங்க பேச்சின்னே சொல்லுங்க அத்தை, சான்றிதழ்ல மட்டும் வாகைன்னு இருக்கட்டும்" என்றேன். தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லாமல் முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். பெயர் வைக்கிற அன்று தொட்டிலுக்குள் குனிந்து அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, பிள்ளை மட்டும் கண்ணை விரித்துப் பார்த்தது.

போன வாரம் ஊரில், தெருவில் போன ஒரு ஆச்சி நின்று, "பேத்தி பேரு என்னமோ சொன்னாங்களே, வாயிலயே வரமாட்டேங்கு" என்று கேட்டார். நான் உள்ளே இருந்தேன், அத்தைதான் பதில் சொன்னார். "நம்ம கெணத்தடியில வாகை நிக்குல்லா, நெத்து காத்துல சலசலன்னு கெடக்குமே, அதாக்கும் எம் பேத்தி." சொல்லிவிட்டுப் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "வா பேச்சி, சாப்பிடுவோம்" என்று உள்ளே வந்தார்.